முடிவு தெரிந்த கதை

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு கோபம் உண்டு. நாவல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்தக் கோபம் நியாயமானதுதான். சமையற்காரன் நாள் முழுவதும் அடுப்படியில் வெந்து விருந்து தயாரித்திருக்க, வந்தவர் நேரே பாயசத்தைக் குடித்துவிட்டுக் கை அலம்பினால் அவனுக்கு எப்படி இருக்கும்? ஆனால், 2007-ஆம் வருஷம் ஜூலை மாதம் 21-ந் தேதி சனிக்கிழமையன்று, மதுரையிலிருந்து சோழவந்தானுக்குப் போகும் பஸ்ஸில், கொச்சடை தாண்டித் துவரிமான் வருவதற்குள் அந்தக் குற்றத்தை நானே செய்தேன். அதுவும் எனக்காக வாங்கிய புத்தகத்தில் அல்ல. பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி இரண்டு வருஷமாகக் காத்திருந்த புத்தகத்தில்.

எந்தப் புத்தகம் என்பதைத் தேதியைப் பார்த்தே சில வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். ஜே. கே. ரௌலிங் என்ற ஆங்கில எழுத்தாளர் எழுதிய ஹாரி பாட்டர் வரிசையில் ஏழாவதும் கடைசியுமான புத்தகம். 1997-ல் முதல் புத்தகம் வந்தபோது கதாநாயகனுக்குப் பதினோரு வயது. புத்தகத்துக்கு ஒரு வயது வீதம் வளர்ந்து, ஏழாவதில் அவன் பதினேழு வயது வாலிபனாகிறான். அவனோடு சேர்ந்து வாசகர்களும் வளர்ந்தார்கள். அந்தக் கடைசிப் புத்தகம் லண்டனில் நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கும்போதுதான் விற்பனைக்கு வர வேண்டும், அதற்கு முன் உலகத்தில் எங்கும் ஒரு பிரதிகூட வெளிவரக் கூடாது என்று ஏற்பாடு. நமக்கு அது விடியற்காலை நாலரை மணி. முதல் இருபத்துநாலு மணி நேரத்தில் பிரிட்டனில் 26 லட்சம் பிரதிகளுக்கு மேலும், அமெரிக்காவில் 83 லட்சம் பிரதிகளும் விற்றுப் போயின. ஆயிரத்து இருநூறு பிரதிகள் அச்சிட்டு, அவை விற்றுத் தீருவதற்குள் பேரன் எடுத்துவிடுகிற தமிழ் நாவலாசிரியன் இந்தக் கணக்கைப் படித்துவிட்டுப் பொறாமைப்படக்கூட லாயக்கில்லாதவன். வியப்பதோடு அவன் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

மதுரையில் நான் போன கடையில் அன்று காலை முப்பது நாற்பது பிள்ளைகள் நின்றார்கள். ஐம்பத்தேழு வயதுக்காரன் நான் ஒருவன்தான். எனக்கு முன்னால் நின்ற பையன் திரும்பிப் பார்த்து, “உங்களுக்கா, தாத்தா?” என்று கேட்டான். “இல்லை, தம்பி, என் மருமகளுக்கு” என்றேன். அவன் அதை நம்பவில்லை என்பது அவன் சிரிப்பிலேயே தெரிந்தது. புத்தகத்தின் விலை ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுத்தான் குறைவு. செங்கல் போலிருந்த அதை மடியில் வைத்துக்கொண்டு பெரியார் பஸ் நிலையத்தில் சோழவந்தான் பஸ் ஏறினேன்.

சோழவந்தானில்தான் என் தங்கையின் வீடு. தங்கை கணவருக்கு வெற்றிலைக் கொடிக்கால். சோழவந்தான் வெற்றிலையின் பெருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்துச் சர்க்காரே சொல்லிவிட்டது. என் தாயார் அந்த வீட்டில்தான் இருந்தாள். மதுரையில் என்னோடு இருக்கும்படி எத்தனையோ தடவை அழைத்திருக்கிறேன். “உங்க ஊர்ல வெத்தலை வாடிப்போயில்ல வருது” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். அவளுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. இருதயம் சரியில்லை. மாடிப்படி கூடாது, உப்புக் கூடாது, அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் கட்டளை.

என் மருமகள் அந்த ஊரிலிருந்து பஸ்ஸில் மதுரைக்கு வந்து படித்துக்கொண்டிருந்தாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகத் தட்டுத் தடுமாறி, முதல் புத்தகத்தை அவள் மூன்று மாதத்தில் படித்தாள். ஆறாவதை எட்டே நாளில் படித்தாள். ஒன்பது வயதுத் தம்பிக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. ஆகையால் தினமும் விளக்கு வைத்த பிறகு, திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வோர் அத்தியாயமாக அவனுக்குத் தமிழில் சொல்வாள். தம்பி பாதிக் கதையில் தூங்கிப் போவான். தூங்காமல் கேட்டவள் அம்மாதான்.

அம்மா அந்தக் கதையைத் தன் வழியில் கேட்டாள். ஹாரி என்ற பெயர் அவள் வாயில் ‘அரி’ ஆயிற்று. “பெருமாள் பேருதானே, நல்ல பேருதான்” என்றாள். தலைமை ஆசிரியர் ‘வெள்ளைத்தாடி வாத்தியார்’. கதையின் கொடியவனுக்குப் பெயர் இருந்தும், யாரும் அச்சத்தால் அதைச் சொல்வதில்லை என்று மருமகள் விளக்கியபோது அம்மா விழுந்து விழுந்து சிரித்தாளாம். “இதுல என்ன அதிசயம், தாயி? நான் உங்க தாத்தா பேரை அறுபது வருஷமாச் சொன்னதில்லை!” என்றாளாம். எண்ணெய் வழியும் தலைமுடியோடு எப்போதும் கடுகடுவென்றிருக்கும் ஸ்நேப் என்ற ஆசிரியரைப் படித்தவர்கள் எல்லாரும் வெறுத்துக்கொண்டிருந்த காலத்தில், அம்மா மட்டும் அவர் கட்சி. “எரிஞ்சு எரிஞ்சு விழுகிற வாத்தியார்தான் கடைசியில பிள்ளைக்கு உதவுவான், பாரு” என்று மூன்றாம் புத்தகத்திலேயே சொல்லிவிட்டாள். ஆறாம் புத்தகத்தின் முடிவில் அந்த ஆசிரியரே வெள்ளைத்தாடிக்காரரைக் கொன்றபோதும் அவள் தன் கட்சியை மாற்றிக்கொள்ளவில்லை.

அம்மாவுக்குத் தொடர்கதை புதிதல்ல. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தபோது, அவள் இருபத்தொரு வயதுத் தாய். நான் தொட்டிலில் கிடந்தேன். ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு மறு கையில் பத்திரிகையைப் பிடித்துப் படித்ததாகச் சொல்லுவாள். மணியத்தின் சித்திரங்களோடு கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்து, சாக்கு ஊசியால் தைத்து, அட்டை போட்டு வைத்திருந்தாள். எனக்குப் பத்து வயதானபோது அந்தத் தையற்கட்டுகளைத்தான் படித்தேன். அவற்றில் ஐந்தாம் பாகத்தின் கடைசி அத்தியாயங்கள் மட்டும் இல்லை. விசாரித்ததில், முடிவு பிடிக்காத கோபத்தில் அம்மா அவற்றைத் தைக்காமலே விட்டுவிட்டாள் என்றும், அந்தப் பக்கங்கள் மளிகைக் கடைக்குப் போய்விட்டன என்றும் தெரிய வந்தது. நந்தினி என்ன ஆனாள், வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்று தெரியாமல், பாவம், மணிமேகலையைச் சாக அடித்துக் கதையை நிறுத்திவிட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? அம்மா ஒருத்திதான் கோபப்பட்டாள் என்பதில்லை. கதை சட்டென்று முடிந்துவிட்டதாகப் பல வாசகர்கள் குறைபட்டுக்கொள்ளவே, கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வருஷம் டிசம்பர் 5-ந் தேதி அவர் காலமானார். எழுதிக்கொண்டிருந்த ‘அமரதாரா’ பாதியில் நின்றது. அவர் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு அவருடைய மகள் ஆனந்திதான் அதை முடித்தார். முடிவு பிடிக்கவில்லை என்று சண்டை போட எழுத்தாளன் உயிரோடு இருப்பதே வாசகனுக்கு ஒரு பாக்கியம் என்று அன்றைக்குத்தான் அம்மாவுக்குத் தோன்றியதாம்.

பஸ்ஸில் நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

அதற்கு நியாயம் ஒன்றைக் கற்பித்துக்கொண்டேன். கதையின் முடிவில் அந்தப் பையன் இறந்துபோகிறானா என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்த சமயம். அம்மாவுக்கு அதிர்ச்சி கூடாது. எனவே முன்கூட்டியே தெரிந்துகொள்வது என் கடமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. அப்போது நான் ஒரு பத்திரிகையில் எழுதிவந்த சரித்திர நாவலின் மூன்றாம் பாகத்தை முடிக்க வழி தெரியாமல் பதினோரு மாதமாகத் திணறிக்கொண்டிருந்தேன். போர் முடிந்துவிட்டது, பகைவன் செத்துவிட்டான், இருந்தும் வாரா வாரம் யாரையாவது குதிரையில் ஏற்றி எங்காவது அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷி ஏழு புத்தகம் எழுதி எப்படித்தான் முடித்திருக்கிறாள் என்று பார்க்கும் தொழிற்காரனின் ஆசைதான் என்னைப் புரட்டச் செய்தது. அவர் தொடக்கத்திலேயே ஏழு புத்தகம் என்று திட்டமிட்டவர். எடின்பரோ நகரத்து பால்மோரல் ஓட்டலில் தங்கி 2007 ஜனவரி 11-ந் தேதி கடைசிப் புத்தகத்தை எழுதி முடித்து, அந்த அறையிலிருந்த பளிங்குச் சிலையின் மேலேயே அந்தச் செய்தியை எழுதி வைத்தவர். முடித்த சந்தோஷமா, முடிந்துவிட்டதே என்ற துக்கமா, எது அவரை அப்படிச் செய்யத் தூண்டியதோ! எனக்கென்னவோ இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு, ஹாரி ஒரு ரயில் நிலையத்தில் நின்று தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்து ரயிலில் ஏற்றி அனுப்புகிறான். அப்பாடா, பிழைத்துவிட்டான். மேலக்கால் வருவதற்குள் புத்தகத்தை மூடி, காகிதப் பைக்குள் போட்டுவிட்டேன்.

வாசலிலேயே மருமகள் காத்திருந்தாள். புத்தகத்தை வாங்கிக்கொண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, “மாமா, நீங்க திறந்து பார்க்கலையே?” என்பதுதான். இல்லை என்று பொய் சொன்னேன்.

அன்றிரவு எல்லாரும் படுத்த பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாள். பாக்கு வெட்டியபடியே, குரலைத் தணித்துக்கொண்டு, “ஏப்பா, நீ கடைசிப் பக்கத்தைப் பார்த்திருப்பே. உன் முகமே சொல்லுது. அந்தப் பய பிழைக்கிறானா? அதை மட்டும் சொல்லு” என்றாள்.

“அவளே சொல்லுவாளேம்மா.”

“சொல்லுவா. அதுக்கு எத்தனை நாள் ஆகும்?”

“முப்பத்தாறு அத்தியாயம்.”

“முப்பத்தாறு ராத்திரி” என்றாள் அம்மா. பாக்குவெட்டி சற்று நேரம் ஓய்ந்திருந்தது. “அவ்வளவு நாள் நான் இருப்பேன்னு யாரு கண்டா?”

நான் சொல்லிவிட்டேன். அவன் பிழைக்கிறான், கல்யாணம் செய்துகொள்கிறான், மூன்று பிள்ளைகள் என்று சொன்னேன். அம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். “சரி, போ. அவகிட்ட சொல்லிராதே. பாவம், ஆசையாச் சொல்லுவா” என்றாள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் சோழவந்தானுக்குப் போனேன். திண்ணையில் கதை நடக்கும். முடிவு தெரிந்த அம்மா ஒன்றும் தெரியாதவள் போல், “ஐயையோ!” “அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டிருப்பாள். முதலில் அது நடிப்பு என்று நினைத்தேன். இரண்டு மூன்று வாரம் கவனித்த பிறகுதான் நடிப்பல்ல என்று புரிந்தது. திரௌபதியின் துகில் உரியப்படாது என்று தெரிந்துதானே ஊர்ஜனம் முழுவதும் விடிய விடிய விழித்திருந்து கூத்துப் பார்க்கிறது? அவளுக்கு முடிவு ஒரு கைப்பிடிச் சுவர். அதைப் பிடித்துக்கொண்டு அவள் பயமில்லாமல் பயந்தாள்.

அந்தப் புத்தகத்துக்குள்ளே ஒரு குட்டிக் கதை வருகிறது. மூன்று சகோதரர்கள் மரணத்தை வழியில் சந்திக்கிறார்கள். மூத்தவன் யாரையும் வெல்லும் மந்திரக்கோலைக் கேட்கிறான். நடுவிலவன் செத்தவரைத் திரும்ப அழைக்கும் கல்லைக் கேட்கிறான். இருவரும் அதனாலேயே மடிகிறார்கள். இளையவன் மாத்திரம் கண்ணுக்குத் தெரியாமல் போர்த்திக்கொள்ள ஒரு போர்வை கேட்டு வாங்கிக்கொள்கிறான். மரணம் எத்தனையோ வருஷம் அவனைத் தேடியும் காணவில்லை. கடைசியில், வயதான பிறகு, அவனே போர்வையைக் கழற்றித் தன் மகனுக்குக் கொடுத்துவிட்டு, பழைய சிநேகிதனோடு போவது போல் மரணத்தோடு கிளம்பிப் போகிறான். இந்தக் கதையை மட்டும் அம்மா மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

“நம்ம மார்க்கண்டேயன் கதை மாதிரி இல்ல, அம்மாச்சி?” என்றாள் மருமகள்.

“இல்ல, தாயி. மார்க்கண்டேயனுக்குப் பதினாறு வயசு. சாமியைக் கட்டிப் பிடிச்சான், நியாயம். எழுபத்தெட்டு வயசுல கட்டிப் பிடிச்சா நல்லாவா இருக்கும்?”

மருமகளின் முகம் மாறியதைக் கவனித்தேன். காரணம் அன்று தெரியவில்லை.

கணக்குப்படி ஆகஸ்டு மாதக் கடைசியில் கதை முடிந்திருக்க வேண்டும். செப்டம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோதும், ஹாரியும் அவன் நண்பர்களும் இன்னும் காட்டில் கூடாரம் அடித்துத் திரிந்துகொண்டிருந்தார்கள். அன்றைய அத்தியாயத்தில் அவர்கள் தாகத்தால் தவித்து ஓர் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை, ஒரே மணல். மந்திரம் பலிக்கவில்லை. அப்போது ஹாரி மண்டியிட்டு இரண்டு கையாலும் மணலைத் தோண்டுகிறான்; ஒரு முழம் தோண்டியதும் ஈரம்; இரண்டு முழத்தில் கண்ணாடி மாதிரி தண்ணீர் ஊறுகிறது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதற்குள் நான் ஒரு பிரதி வாங்கி முழுவதும் படித்திருந்தேன். அந்தப் புத்தகத்தில் அப்படி ஓர் ஆறு கிடையாது. இங்கிலாந்திலேயே அப்படி ஓர் ஆறு இருக்கிறதா என்பது சந்தேகம். அது எங்கள் வைகை! கோடையில் நாங்கள் எல்லாரும் ஊற்றுத் தோண்டிக் குடித்த வைகை. மருமகளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதீர்கள் என்று அந்தப் பார்வை கெஞ்சிற்று.

மறுநாள் காலையில் கொடிக்காலில் வைத்துக் கேட்டேன். அகத்திச் செடியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் நின்றாள். பிறகு, “அப்பாகிட்ட டாக்டர் சொன்னதைக் கேட்டேன், மாமா. அம்மாச்சி தீபாவளியைத் தாண்டுறது கஷ்டம்னு சொன்னாரு” என்றாள். “கதை முடியலைன்னா அம்மாச்சி போக மாட்டாங்க. முடிவு தெரியாம அவங்களால இருக்கவே முடியாது. அதனாலதான் சேர்த்துச் சேர்த்துச் சொல்றேன். புத்தகத்தை நான் முதல் வாரமே படிச்சு முடிச்சிட்டேன்.”

அம்மாவுக்கு முடிவு தெரியும் என்று நான் எப்படிச் சொல்வேன்? அதைச் சொன்னால் அந்தக் குழந்தை கையில் பிடித்திருந்த கயிறு அறுந்துபோகும். எனக்குச் சின்ன வயதில் படித்த ‘அம்புலிமாமா’ ஞாபகம் வந்தது. மாதா மாதம் விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமந்து வருவான். அது கதை சொல்லிக் கேள்வி கேட்கும். அவன் வாயைத் திறந்து பதில் சொன்னதும் திரும்பவும் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். எத்தனை வருஷம்! அந்தப் பத்திரிகையே நின்றுபோகும் வரையில் வேதாளம் இறங்கவும் இல்லை, ராஜா ஓயவும் இல்லை. ஆனால் மூலக்கதையில் இருபத்தைந்தாவது கதையோடு அது முடிகிறது. அந்தக் கடைசிக் கேள்விக்கு ராஜாவுக்குப் பதில் தெரிவதில்லை; மௌனமாக நடக்கிறான்; மௌனத்தால் கதை முடிகிறது. கொடிக்காலில் நானும் பதில் தெரியாத ராஜாவாக நின்றேன். ஒன்று மட்டும் உறைத்தது: அவள் அம்மாச்சியின் உயிரைப் பிடித்து வைக்கக் கதையை வளர்த்தாள், நான் எதற்காகப் பதினோரு மாதம் குதிரையைச் செலுத்திக்கொண்டிருந்தேன்? முடித்துவிட்டால் என்னை வாசகர்கள் மறந்துவிடுவார்களே என்ற பயத்தினால்தானே?

தீபாவளி வந்தது. அம்மா எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சேலை கட்டி, ஜெனகை மாரியம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துத் திண்ணையிலிருந்தே கும்பிட்டாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை மருமகள் கதையை ஆரம்பித்ததும், அம்மா கையமர்த்தினாள்.

“இந்தா பாரு, தாயி. ஆத்துல ஊத்துத் தோண்டினது, காட்டுக்குள்ள கிழவி கூழு ஊத்தினது, இதெல்லாம் நீயாச் சேர்த்ததுதானே?”

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நல்லாத்தான் இருந்துச்சு. அந்த இங்கிலீஷ்காரி எழுதினதைவிட அந்தக் கூழு நல்லா இருந்துச்சு. ஆனா போதும், இன்னைக்கு முடிச்சிரு. முடிக்காத கதை தொண்டையில முள்ளு மாதிரி. உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது.”

“முடிச்சா…” என்று ஆரம்பித்த குழந்தையால் மேலே பேச முடியவில்லை.

“முடிச்சா என்ன? நாளைக்குக் காலையில எனக்குக் காப்பி போட உங்க அம்மா இருக்கா. முடிவு எனக்கு எப்பவோ தெரியும். உங்க மாமா அன்னைக்கே சொல்லிட்டான். அது தெரிஞ்சும் நான் இருக்கேன்ல? கேட்கிறதுக்கு முடிவு மட்டுமா கதை?”

மருமகள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த ஒரு பார்வைக்கு என்னிடம் பதிலே இல்லை.

அன்றிரவு அவள் ஒரே மூச்சில் சொன்னாள். கடுகடுப்பு வாத்தியார் சாகும் தறுவாயில் தன் நினைவுகளைக் கொடுத்துவிட்டுப் போவதும், அவர் ஆரம்பத்திலிருந்தே பையனைக் காத்து வந்தவர் என்று தெரிவதும் வந்தபோது அம்மா, “நான் சொல்லலை?” என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டாள். ஹாரி தான் செத்தால்தான் மற்றவர்கள் பிழைப்பார்கள் என்று அறிந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காட்டுக்குள் தனியே நடந்து போகிற இடம் வந்தது. அவன் பிழைப்பான் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். இருந்தும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துண்டை எடுத்தேன். கடைசியில் ரயில் நிலையம் வந்து, ரயிலும் புறப்பட்டுப் போனபோது மணி பன்னிரண்டு.

அம்மா சற்று யோசித்தாள். “முடிவு சரியில்லை” என்றாள்.

“ஏம்மா?” என்றேன்.

“அந்தக் காலத்துல கல்கி யாரு என்ன ஆனாங்கன்னு சொல்லாம விட்டுட்டாரேன்னு கோபப்பட்டேன். இந்தம்மா என்னடான்னா, யாரு யாரைக் கட்டினாங்க, பிள்ளைக்கு என்ன பேரு வரைக்கும் எல்லாத்தையும் சொல்லிப்பிட்டாங்க. அந்தப் பய காட்டை விட்டு வெளியே வந்தான், சண்டை முடிஞ்சுச்சு, அசதியாத் தூங்கப் போனான். அங்கேயே விட்டுட வேண்டியதுதானே? மிச்சத்தை நாம நினைச்சுக்கிட மாட்டோமா?” என்றாள். பிறகு ஏதோ கண்டுபிடித்தவள் போல், “கல்கி செஞ்சது சரிதான் போல இருக்கு. அம்பது வருஷமா நந்தினியை நினைச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்!” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

மருமகள் தூங்கவில்லை. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்து, விடியும் வரை அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள். நான் கூடத்தில் கிடந்து அவள் விழித்திருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கோழி கூவிற்று. வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து உட்கார்ந்து, கொண்டையை முடிந்துகொண்டு, “காப்பி ஆச்சா?” என்று கேட்டாள். அவ்வளவுதான். மருமகள் பாயில் எழுந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அம்மா இருந்தாள். ஊற்றுத் தோண்டியது போல் இன்னும் கதை சொல்லு என்று தினமும் கேட்டு, பேத்தியைக் கொண்டு அவளுடைய சொந்தக் கதைகளைச் சொல்ல வைத்தாள். அவற்றில் ஒன்றுகூட எழுதி வைக்கப்படவில்லை. நான் அன்று மதுரைக்குத் திரும்பியதும், குதிரைகளையெல்லாம் லாயத்தில் கட்டிவிட்டு, நாலே வாரத்தில் நாவலை முடித்தேன். முடிவு பிடிக்கவில்லை என்று பதினேழு கடிதங்கள் வந்தன. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “பதினேழு பேரு இன்னும் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. உனக்கு வேற என்ன வேணும்?” என்றாள்.

அந்த மருமகள் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. சென்ற மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அலமாரியில் ஏழு புத்தகங்களும் வரிசையாக இருந்தன. முதல் புத்தகம் முதுகு கிழிந்து, ஒட்டுப் போட்டு, நாள்பட்ட விசிறி மாதிரி பிரிந்து கிடந்தது. ஏழாவது அப்படியே கட்டுக் குலையாமல் இருந்தது. எடுத்துப் புரட்டினேன். மூன்று சகோதரர்கள் கதை வரும் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக் கறை. இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாத அம்மா, அந்தக் கதை எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லி, விரலை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

மருமகளின் ஐந்து வயது மகள் என் மடியில் ஏறிக்கொண்டு, “தாத்தா, இந்தப் புத்தகம் எப்படி முடியும்?” என்று கேட்டாள்.

அவள் தாயார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.